பசியை ஏமாற்றிய கொட்டை

நைஜீரியாவின் தென்கிழக்குப் பகுதியில் இக்போ மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய இல்லம் ஒன்றுக்கு விருந்தினர் ஒருவர் வருகிறார் என்று கொள்வோம். வந்தவர் அமர்ந்ததும் வீட்டுக்காரர் ஒரு மரத்தட்டைக் கொண்டுவந்து அவர் முன் நீட்டுகிறார். தட்டில் இருப்பது பழமன்று, பலகாரமுமன்று. சிவந்த நிறமுள்ள சில கொட்டைகளே அதில் உள்ளன. கூடியிருப்போரில் மூத்தவர் ஒரு கொட்டையைக் கையிலெடுத்து வாழ்த்துரை கூறுகிறார். அந்த வாழ்த்துரை இக்போ மொழியிலேயே இருக்க வேண்டும். 'இந்தக் கொட்டைக்கு ஆங்கிலம் புரியாது' என்பது அம்மக்களின் வழக்கு. பிறகு கொட்டையைப் பிளந்து, அது எத்தனை பிளவுகளாகப் பிரிந்தது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணிக்கைக்கு ஏற்பப் பொருள் கூறுகிறார்கள். அதன் பின்னரே ஆளுக்கொரு துண்டாக வாயிலிட்டு மெல்லுகிறார்கள்.

முதலில் கடுமையான கசப்பு. சற்று மென்றபின் கசப்புக் குறைந்து, நாவில் ஓர் இனிமை தோன்றுகிறது. அப்போது தண்ணீர் குடித்தால் அதுவும் இனிக்கிறது. களைப்பு நீங்குகிறது, தூக்கம் விலகுகிறது, பசியும் அடங்கிவிடுகிறது.

இதுதான் கோலாக் கொட்டை. உலகெங்கும் விற்பனையாகும் குளிர்பானங்களுக்குப் பெயர் தந்த கொட்டையும் இதுவே. இக்கொட்டை வயிற்றுக்கு நன்மை செய்யும் என்று சுமார் 300 ஆண்டுகள் பலரும் எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டில், இதிலுள்ள காஃபீன் வயிற்றைப் புண்ணாக்கும் என்று அஞ்சினார்கள். இரண்டு கூற்றுகளும் முழு உண்மையல்ல என்பதை இன்று அறிகிறோம். ஒரே கொட்டையைப் பற்றி இவ்வாறு மாறுபட்ட கருத்துகள் ஏன் எழுந்தன? அந்த வரலாற்றைக் காண்போம்.

மூன்று பெயர்கள், மூன்று செடிகள்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நல்லது. கோக்கோ, கோக்கா, கோலா என்னும் மூன்று பெயர்களும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. ஆனால் மூன்றும் வெவ்வேறு. சாக்லேட்டு செய்ய உதவுவது கோக்கோ. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். கோக்கா என்பது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியில் வளரும் புதர். அதன் இலையிலிருந்துதான் கோக்கெய்ன் கிடைக்கிறது. கோலாவோ மேற்கு ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளுக்கு உரிய மரம். தாவரவியல் முறைப்படி அது கோக்கோவுக்கு உறவு. கோக்காவுக்கு எந்த உறவும் இல்லை.

கோலா இனங்களுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று கோலா நிட்டிடா. இதன் பருப்பு இரண்டாகப் பிளக்கும். மற்றொன்று கோலா அக்யூமினேட்டா. இதன் பருப்பு மூன்று, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிளவுகளாகப் பிரியும். இக்போ மக்கள் சடங்குகளுக்கு இரண்டாவதையே விரும்புவதற்குக் காரணம் இதுதான். இரண்டாக மட்டும் பிளக்கும் கொட்டையில் எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது?

காய்ந்த கோலாப் பருப்பின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 3 பங்கு வரை காஃபீன் உள்ளது. காப்பிக் கொட்டையில் உள்ள அதே பொருள்தான் இது. இதனுடன் சிறிதளவு தியோபுரோமினும், துவர்ப்புத் தரும் டானின் பொருள்களும் உண்டு. காப்பிக் கொட்டையை வறுத்துப் பொடித்து நீரில் வடிக்கிறோம். கோலாவையோ பச்சையாகவே மென்று தின்கிறார்கள். ஆகவே அதன் சாறு முழுவதும் வாயிலும் இரைப்பையிலும் நேராகப் படுகிறது. இதனை நினைவில் கொள்வோம், பின்னால் பயன்படும்.

பாலைவனம் நோக்கிச் சென்ற கூடைகள்

கோலா மரம் வளர்வது ஈரமான காட்டில். அதனை மிகுதியாக விரும்பியவர்களோ வடக்கே, புல்வெளிகளிலும் சகாராவின் விளிம்பிலும் வாழ்ந்தவர்கள். காட்டு மக்களையும் பாலைவன விளிம்பின் மக்களையும் பல நூற்றாண்டுகள் இணைத்த வணிகப் பொருள்களுள் கோலாவும் ஒன்று. இன்றைய கானா நாட்டின் வடக்கே உள்ள சலாகா என்னும் ஊர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய கோலாச் சந்தையாக விளங்கியது. அங்கிருந்து ஹவுசா வணிகர்கள் கழுதைகள் மீது கூடைகளை ஏற்றிக் கானோ நகரம் வரை பயணம் செய்தார்கள்.

இந்தப் பயணம் எளிதானதன்று. கோலாக் கொட்டை காய்ந்தால் மதிப்புக் குறையும். ஈரம் மிகுந்தால் அழுகிவிடும். ஆகவே கொட்டைகளை ஈர இலைகளுக்கிடையே அடுக்கினார்கள். வழியில் கூடைகளைப் பிரித்து, அழுகியவற்றை அகற்றி, இலைகளை மாற்றி, மீண்டும் கட்டினார்கள். இத்தனை பாடுபட்டுக் கொண்டுசென்ற பொருள் வடக்கே விலையுயர்ந்ததாக இருந்ததில் வியப்பில்லை. மது அருந்துவதை இஸ்லாம் விலக்கியிருந்தமையால், அனுமதிக்கப்பட்ட ஊக்கப் பொருளாகவும் விருந்தோம்பலின் அடையாளமாகவும் கோலா அங்கே இடம்பெற்றது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெடுந்தொலைவு நடப்பவனுக்குச் சோறும் நீரும் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அத்தகையவனுக்குப் பசியையும் தாகத்தையும் மறக்கச் செய்யும் ஒரு கொட்டை பெரிய துணை. ஆனால் மறக்கச் செய்வது வேறு, நீக்குவது வேறு. கோலாத் துண்டு ஒரு வேளை உணவுக்கு ஈடான ஆற்றலைத் தருவதில்லை. உடல் தன் சேமிப்பையே செலவழிக்கிறது. அந்தச் செலவு மனத்திற்குத் தெரியாமல் போகிறது.

'வயிற்றுக்கு நல்லது'

கோலாவைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான பழைய குறிப்புகளுள் ஒன்று 1591ஆம் ஆண்டில் வெளிவந்தது. துவார்த்தே லோப்பெஸ் என்னும் போர்த்துகீசிய வணிகர் 1578இல் காங்கோ நாட்டுக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கியிருந்தார். அவர் கூறிய செய்திகளை இத்தாலியரான பிலிப்போ பிகஃபெத்தா தொகுத்து ரோம் நகரில் நூலாக வெளியிட்டார். அந்நூல் கோலாவைப் பற்றிக் கூறுவது யாதெனில்: மக்கள் இதனை மென்று தாகம் தணிக்கின்றனர், தண்ணீர் சுவையாகிறது, இது இரைப்பைக்கு வலுவூட்டுகிறது, கல்லீரல் நோய்க்கு மிகவும் நல்லது.

நூறாண்டுகள் கழித்து அட்லாண்டிக் கடலின் மறுகரையிலிருந்தும் இத்தகைய செய்தி கிடைக்கிறது. ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவர் 1687இல் ஜமைக்காத் தீவுக்குச் சென்றார். அங்குள்ள தாவரங்களைப் பற்றி அவர் பின்னர் எழுதிய பெருநூலில் கோலாவும் இடம்பெறுகிறது. ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து வந்த கப்பலில் வந்த விதையே அங்கு மரமாயிற்று என்கிறார் அவர். தங்கக் கரைப் பகுதியிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் அதனை உண்டனர். வயிற்றுவலிக்கு மருந்தாகவும் பயன்படுத்தினர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஜமைக்காவில் இன்றும் கோலாவுக்குப் 'பிஸ்ஸி' என்று பெயர். துருவிய கோலாவைக் கொதிக்கவைத்த பிஸ்ஸித் தேநீர் அங்கே வயிற்றுக் கோளாறுக்கான வீட்டு மருந்து.

இந்த விதை கடல் கடந்த வரலாறு துயரமானது. அடிமைக் கப்பல்களில் பீப்பாய் நீர் பல வாரப் பயணத்தில் கெட்டு நாற்றமெடுத்துவிடும். கோலாவை மென்றபின் அந்த நீர் குடிக்கத்தக்கதாகத் தோன்றியது. இதற்காகவும் கப்பல்களில் கோலாவை ஏற்றினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் காட்டுகிறார்கள். நாவுக்குச் சுவை மாறியதே தவிர, பீப்பாயிலிருந்த நீர் மாறவில்லை. நீரில் என்ன கிருமி இருந்ததோ அது அப்படியே வயிற்றுக்குள் சென்றது.

பழைய குறிப்புகளைப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. மென்றவர்கள் உண்மையாகவே ஆறுதல் பெற்றார்கள். டானின் துவர்ப்பும் காஃபீனின் ஊக்கமும் அந்த ஆறுதலுக்குக் காரணமாகலாம். ஆயினும் அவர்கள் அளந்தது தங்கள் உணர்வை மட்டுமே. இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய அக்காலத்தில் வழியில்லை.

வேதியியலார் கையில்

1819ஆம் ஆண்டில் ஜெர்மன் வேதியியலார் ஃபிரீட்லீப் ரூங்கே காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தார். தேயிலையிலிருந்து கிடைத்த 'தெயின்' என்னும் பொருளும் அதுவே என்று 1838இல் தெளிவாயிற்று. 1860களின் நடுவில் இங்கிலாந்தில் கோலாவை ஆய்ந்தபோது அதிலும் அதே காஃபீன் இருப்பது தெரிந்தது. இரண்டு கண்டங்களில் மூன்று வெவ்வேறு செடிகளை மக்கள் தனித்தனியே தேர்ந்தெடுத்திருந்தார்கள். மூன்றிலும் இருந்த பொருள் ஒன்றே!

அடுத்து வந்தவர் பிரெஞ்சுப் பேராசிரியர் எதுவார் ஹெக்கெல். மார்சேய் நகரில் பணியாற்றிய இவர், ஷ்லாக்டன்ஹாஃபன் என்னும் வேதியியலாருடன் சேர்ந்து 1880களில் கோலாவை விரிவாக ஆராய்ந்தார். கோலாவின் ஆற்றல் காஃபீனால் மட்டும் வருவதன்று. அதிலுள்ள வேறு பொருள்களுக்கும் பங்கு உண்டு என்பது அவர் கருத்து. பாரிஸ் மருத்துவரான ஜெர்மேன் சே இதனை மறுத்தார். எல்லாம் காஃபீனின் செயலே என்று 1890இல் மருத்துவக் கழகத்தில் அவர் வாதிட்டார். இந்த வாதத்தைச் சிறு சச்சரவு என்று தள்ளிவிட முடியாது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின் இரைப்பை ஆய்விலும் இதே கேள்வி எழுந்தது.

ஹெக்கெலின் ஆர்வம் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. கோலா சேர்த்த ரொட்டிகளைப் படைவீரர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். குறைந்த உணவில் நீண்ட நடை என்பது எந்தப் படைத்தலைவனுக்கும் இனிக்கும் செய்தியல்லவா? இங்கிலாந்தில் ஒரு மருந்து நிறுவனம் கோலா, கோக்கா ஆகிய இரண்டின் சாரமும் அடங்கிய மாத்திரையை விற்றது. 'விரைவு நடை' என்று பொருள்படும் பெயர் அதற்கு. பசியை அடக்கும், தாங்கும் ஆற்றலை நீட்டிக்கும் என்பது அதன் விளம்பரம். 1907 முதல் 1909 வரை தென்துருவப் பகுதியில் பயணம் செய்த ஷாக்கிள்டன் குழுவினரிடமும் அம்மாத்திரைகள் இருந்தன. திரும்பி வரும் வழியில் உணவு தீரும் நிலையில் அவர்கள் அதனை விழுங்கி நடந்தார்கள். மாத்திரை அவர்களை அடுத்த உணவுக் கிடங்கு வரை நடக்கச் செய்தது. அவர்களைக் காப்பாற்றியது அந்தக் கிடங்கில் இருந்த உணவு.

மருந்துக்கடையில் பிறந்த பானங்கள்

கோலா உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவில். அட்லாண்டா நகர மருந்தாளர் ஜான் பெம்பர்ட்டன் 1886இல் ஒரு பானத்தை உருவாக்கினார். கோக்கா இலை, கோலாக் கொட்டை ஆகிய இரண்டையும் நினைவூட்டி அதற்குக் கொக்கா-கோலா என்று பெயரிட்டார்கள். தலைவலிக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் நல்லது என்று கூறி, ஒரு குவளை 5 சென்ட்டுக்கு மருந்துக்கடைகளில் விற்றார்கள்.

வட கரோலினா மாநிலத்தில் நியூ பெர்ன் என்னும் ஊரின் மருந்தாளர் காலெப் பிராடம் 1893இல் மற்றொரு பானத்தைத் தயாரித்தார். 1898இல் அதற்குப் பெப்சி-கோலா என்று பெயர் மாற்றினார். அசீரணத்தைக் குறிக்கும் 'டிஸ்பெப்சியா' என்னும் சொல்லிலிருந்து வந்தது 'பெப்சி'. செரிமானத்திற்கு உதவும் பானம் என்றே அதனை விளம்பரப்படுத்தினார். காங்கோவிலிருந்து லோப்பெஸ் கொண்டுவந்த 'வயிற்றுக்கு நல்லது' என்னும் செய்தி, முந்நூறு ஆண்டுகள் கடந்து, சோடா கலந்து, புட்டியில் அடைபட்டு வந்தது போலும்!

1909இல் அமெரிக்க அரசு, தூய உணவுச் சட்டத்தின் கீழ் கொக்கா-கோலாப் பாகு அடங்கிய பீப்பாய்களைக் கைப்பற்றியது. 1911இல் சட்டனூகா நகரில் வழக்கு நடந்தது. காஃபீன் தீங்கு தரும் பொருள் என்பது அரசின் முதல் குற்றச்சாட்டு. பானத்தில் கோக்காவும் இல்லை, கோலாவும் இருந்தால் மிகச் சிறிதே. ஆகவே பெயரே பொய் என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. வழக்கு 1916இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் பானத்தில் காஃபீன் அளவைக் குறைப்பது என்ற உடன்பாட்டுடன் முடிந்தது. கோலாக் கொட்டை என்றால் என்னவென்றே அறியாத கோடிக்கணக்கான மக்கள் 'கோலா' குடிக்கத் தொடங்கினார்கள்.

இரைப்பையில் ஒரு சாளரம்

உணர்வை விட்டு உறுப்பை நோக்கிய ஆய்வு எப்படித் தொடங்கியது? அதற்கு நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1822இல் அமெரிக்காவின் மாக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞனின் வயிற்றில் தற்செயலாகத் துப்பாக்கி வெடித்தது. அவன் பிழைத்தான், ஆனால் இரைப்பைக்குச் செல்லும் துளை மூடவில்லை. அவனுக்கு மருத்துவம் செய்த வில்லியம் போமான்ட், அந்தத் துளையின் வழியே 200க்கும் மேற்பட்ட சோதனைகள் செய்து 1833இல் நூலாக வெளியிட்டார். இதற்கிடையே 1824இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரௌட், இரைப்பை நீரில் ஹைட்ரோக்ளோரிக் அமிலம் இருப்பதை நிறுவினார். ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், உணவு இரைப்பையை அடைவதற்கு முன்பே, வாயில் மெல்லும்போதே இரைப்பை நீர் சுரக்கத் தொடங்குகிறது என்று காட்டினார். செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காக 1904இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

பாவ்லோவின் முடிவைக் கோலாவுக்குப் பொருத்திப் பாருங்கள். வாய் மெல்லுகிறது. உணவு வருகிறது என்று எண்ணி இரைப்பை அமிலத்தைச் சுரக்கிறது. ஆனால் உணவு வருவதில்லை.

காஃபீனின் பங்கை நேராக ஆராய்ந்தவர்கள் சிக்காகோவைச் சேர்ந்த ரோத், ஐவி என்னும் இருவர். நாய், பூனை, மனிதர் ஆகியோரின் இரைப்பையில் காஃபீன் எவ்வாறு செயல்படுகிறது என்பதை அவர்கள் 1944இல் வெளியிட்டார்கள். மனிதரின் இரைப்பையில் காஃபீன் அமிலச் சுரப்பைத் தூண்டியது. காஃபீனை நீண்ட நேரம் செலுத்தியபோது பூனைகளின் இரைப்பையில் புண்களும் தோன்றின. இச்செய்தி பரவியதும், வயிற்றுப் புண் உள்ளவர்கள் காப்பி, தேநீர், கோலா பானம் எல்லாவற்றையும் விட வேண்டும் என்று மருத்துவர்கள் அறிவுரை கூறினார்கள். நன்மை செய்யும் பொருள் என்று பெயர் பெற்றது இப்போது குற்றவாளியாயிற்று.

ஆனால் சான்றுகள் ஒரே பக்கம் சாயவில்லை. 1975இல் கோஹன், பூத் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், காஃபீன் நீக்கிய காப்பியும் அமிலத்தை நன்றாகவே தூண்டுகிறது. தனிக் காஃபீனைக் காட்டிலும் மிகுதியாகத் தூண்டுகிறது என்று கண்டார்கள். 1982இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் கோலா பானங்கள், காஃபீன் இல்லாத எலுமிச்சைச் சுவைப் பானம், தேநீர், பால், பீர் எனப் பலவற்றையும் சோதித்தார்கள். எல்லாமே அமிலச் சுரப்பைக் கூட்டின. மிகுதியாகக் கூட்டியவற்றுள், வயிற்றுப் புண்ணுக்கு இதமானது என்று கருதிய பாலும் ஒன்று! 1986இல் நைஜீரிய ஆய்வாளர்கள், கோலா நிட்டிடா, கோலா அக்யூமினேட்டா ஆகிய இரண்டும் இரைப்பை அமிலச் சுரப்பைக் கூட்டுவது பற்றி ஆய்வு வெளியிட்டார்கள்.

ஹெக்கெலும் சேயும் 1890இல் வாதிட்டது நினைவிருக்கிறதல்லவா? காஃபீன் மட்டுமா, காஃபீனோடு பிறவுமா? இரைப்பை அமிலத்தைப் பொறுத்தவரை 'பிறவும் சேர்ந்து' என்பதே விடையாயிற்று.

குற்றவாளி மாறுகிறான்

அமிலம் கூடினால் புண் வரும் என்பது எளிய கணக்கு. ஆனால் ஒரு கேள்விக்கு அதில் விடையில்லை. காப்பியும் கோலாவும் உட்கொள்ளும் கோடிக்கணக்கானோரில் சிலருக்கு மட்டும் ஏன் புண் வருகிறது?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்னும் நோய்க்குறியியல் மருத்துவர், 1979இல் இரைப்பைத் திசுவில் வளைந்த வடிவப் பாக்டீரியாக்களைக் கண்டார். அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்த உயிரும் வாழாது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். 1982இல் ஈஸ்டர் விடுமுறையின்போது வழக்கத்தைவிடக் கூடுதல் நாள்கள் விட்டுவைத்த வளர்ப்புத் தட்டில் அந்தப் பாக்டீரியா முளைத்திருந்தது. 1984இல் மார்ஷல் அதன் கரைசலைத் தாமே குடித்தார். சில நாள்களில் அவருக்கு இரைப்பை அழற்சி உண்டாயிற்று. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று அழைக்கப்படும் இந்தப் பாக்டீரியாவே பெரும்பாலான இரைப்பைப் புண்களுக்கும் முன்சிறுகுடல் புண்களுக்கும் அடிப்படைக் காரணம் என்பது படிப்படியாக உறுதியாயிற்று. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்பிரின் போன்ற வலி நீக்கி மருந்துகள் மற்றொரு முக்கியக் காரணம் என்பதும் தெளிவாயிற்று.

இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலம் ஒன்று பாதுகாக்கிறது. பாக்டீரியாவோ வலி நீக்கி மருந்தோ அந்தப் பாதுகாப்பைக் குலைத்தபின், அமிலம் சுவரை அரிக்கிறது. சுவர் நலமாக இருக்கும்வரை ஓரளவு கூடுதல் அமிலத்தை இரைப்பை தாங்கிக்கொள்ளும். 2013இல் ஜப்பானில் 8,013 பேரை வைத்து நடந்த ஆய்வு, காப்பி அருந்துவதற்கும் இரைப்பைப் புண், முன்சிறுகுடல் புண் ஆகியவற்றுக்கும் தொடர்பு காணவில்லை. எனவே காஃபீன் புண்ணைப் படைக்கிறது என்னும் பழைய குற்றச்சாட்டு வலுவிழந்தது.

அப்படியானால் கோலா முற்றிலும் குற்றமற்றதா? அவ்வாறும் கூற முடியாது. புண் ஏற்கெனவே உள்ள இடத்தில் கூடுதல் அமிலம் படுவது எரிச்சலையும் வலியையும் மிகுவிக்கும். இதைவிட நுட்பமான தீங்கு ஒன்றும் உண்டு. முன்சிறுகுடல் புண்ணின் வலி பெரும்பாலும் வெறும் வயிற்றில் தோன்றும், உண்டால் தணியும். பசி போலவே அது தோற்றமளிக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் இரவெல்லாம் வண்டியோட்டுபவரும் காவல் புரிபவரும் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் கோலாவை மென்று விழித்திருக்கிறார்கள். வயிற்றில் வலி எழும்போது அதனைப் பசி என்று கருதி, அந்தப் 'பசியை' அடக்க மேலும் ஒரு துண்டு மென்றால், நோய் மருத்துவரிடம் சென்று சேர்வது தாமதமாகும். பாக்டீரியாவால் வந்த புண்ணை இன்று சில வார மருந்தில் குணப்படுத்தலாம். கவனிக்காமல் விட்டால் அதுவே குருதிப்போக்கில் முடியலாம்.

நாவும் இரைப்பையும்

வரலாறு இத்துடன் முடியவில்லை. காஃபீன் எந்த வழியில் அமிலத்தைத் தூண்டுகிறது என்பதை 2017இல் வியன்னாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கசப்பை உணரும் ஏற்பிகள் நாவில் இருப்பதை அறிவோம். அத்தகைய ஏற்பிகள் இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்களிலும் உள்ளன! காஃபீனை நாவில் படாமல் நேரே இரைப்பைக்குச் செலுத்தியபோது அமிலச் சுரப்பு விரைந்தது. வாயில் மட்டும் வைத்திருந்து துப்பியபோது சுரப்புத் தாமதமாயிற்று. கசப்பை நாவு உணர்வதற்கும் இரைப்பை உணர்வதற்கும் வேறுபாடு உண்டு என்று இதிலிருந்து தெரிகிறது.

இந்தச் சோதனையில் பயன்பட்டது கோலா அன்று, தனிக் காஃபீனே. ஆயினும் நெடுநேரம் கோலாவை வாயில் அடக்கி மெல்லும் பழக்கத்தை எண்ணும்போது, நாவுக்கும் இரைப்பைக்கும் இடையிலான இந்தக் கணக்கு எத்தனை சிக்கலானது என்பது புரிகிறது. மென்றவருக்குக் கிடைத்த ஆறுதல், வெறும் கற்பனையென்று தள்ளத்தக்கதாக இல்லாமலும் இருக்கலாம்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. 'கசப்புக் கோலா' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் விற்கும் கொட்டை வேறு. அது கார்சினியா கோலா என்னும் மரத்தின் விதை; குடும்பமும் வேறு, அடங்கிய வேதிப்பொருள்களும் வேறு. ஒன்றைப் பற்றிய ஆய்வு முடிவை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொன்னால் குழப்பமே மிஞ்சும்.

கொட்டை சொல்லும் பாடம்

ஒரு பொருள் வயிற்றுக்கு நல்லதா, கெட்டதா என்று கேட்கும்போது நாம் எதனை அளக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். லோப்பெஸ் அளந்தது உணர்வை. அதனால் நன்மை என்றார். ரோத்தும் ஐவியும் அளந்தது அமிலத்தை. அதனால் தீமை தெரிந்தது. வாரனும் மார்ஷலும் திசுவை நோக்கினார்கள், கேள்வியே மாறிவிட்டது. ஒவ்வொருவரும் கண்டது உண்மைதான். ஒரு பகுதியை முழுமை என்று கொண்டபோதுதான் பிழை நேர்ந்தது.

விருந்தில் பகிர்ந்து மெல்லும் ஒரு சிறு துண்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உணவுக்கு மாற்றாக, வெறும் வயிற்றில், நாள் முழுவதும் மெல்லும் கோலாவின் கதை வேறு. வயிற்றுப் புண் உள்ளவர்களும், வலி நீக்கி மாத்திரைகளை அடிக்கடி உட்கொள்பவர்களும், நெஞ்செரிச்சல் உடையவர்களும் கோலாவானாலும் காப்பியானாலும் அளவறிந்து கொள்வதே நல்லது. வலி தொடர்ந்தால் மருத்துவரை நாட வேண்டும்.

படைவீரனையும் சுமைகூலியையும் அடிமையையும் பட்டினியோடு நடக்கச் செய்த பெருமை இந்தக் கொட்டைக்கு உண்டு. அது கொட்டையின் பெருமையா, நடக்கச் செய்தவர்களின் சிறுமையா என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம். பசியை அடக்கப் பல பொருள்கள் உண்டு. பசியை ஆற்றுவதற்கு உணவு ஒன்றே உண்டு.